மலைப்படிகளில் முதிய நாய்: எந்த பெல்ட் எதைத் தாங்கும்?

எங்கள் வீட்டு வாசலிலிருந்து சாலைக்கு 34 கருங்கல் படிகள். குன்னூரில் இது பெரிய கணக்கு இல்லை. சாலைக்கு மேலே ஒரு வரிசை வீடு, கீழே ஒரு வரிசை வீடு, நடுவில் படிக்கட்டு என்றுதான் இந்த ஊர் கட்டப்பட்டிருக்கிறது. எங்கள் கறுப்பு லாப்ரடார் சீசர் 12 வருடம் அந்தப் படிகளில் எனக்கு முன்னால் ஓடியவன். நான் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் கீழே சில்வர் ஓக் மரத்தடியில் போய் நிற்பான். 13 வயது நடந்தபோது, ஒரு கார்த்திகை மாதக் காலையில், சாலையிலிருந்து திரும்பி ஏறும்போது ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டான். எழ முயன்றான். பின்னங்கால்கள் நடுங்கி விலகின. என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். 31 கிலோ நாயை மீதி 29 படியும் நான் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் என்னால் குனிய முடியவில்லை.

அன்று தொடங்கிய தேடல் இது. ஒன்றரை ஆண்டில் நான்கு வகைத் தாங்கு பெல்ட்டுகளை அவன் உடம்பில் மாட்டிப் பார்த்துவிட்டேன். விற்பவர்கள் ஹார்னஸ் என்கிறார்கள், எங்கள் வீட்டில் பெல்ட். அவர்கள் முதலில் கேட்பது, "முன்னங்கால் பிரச்சினையா, பின்னங்கால் பிரச்சினையா?" என்று. சமவெளிக்கு அந்தக் கேள்வி போதும். மலையில் இருப்பவர்கள் அதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஏறுவதற்கு வேண்டுமா, இறங்குவதற்கு வேண்டுமா?

காரணம் எளிது. சமதளத்தில் நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் சுமக்கின்றன. மேட்டில் ஏறும்போது பாரம் பின்னுக்குச் சாய்கிறது, இறங்கும்போது முன்னுக்குப் பாய்கிறது. நம் மலை ரயிலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வருகிறது. இறங்கும்போதும் அதே எஞ்சின் பள்ளத்துப் பக்கமே நின்று பெட்டிகளின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. முதிய நாய்க்கும் இரண்டு பயணத்திலும் பள்ளத்துப் பக்கத்தில் ஒரு பிடிமானம் வேண்டும். ஏறும்போது அது பின்பக்கம், இறங்கும்போது முன்பக்கம். எந்த பெல்ட்டைப் பார்த்தாலும் நான் இந்த அளவுகோலைத்தான் வைக்கிறேன்.

பெல்ட்டுக்கு முன் மருத்துவர். மூட்டுத் தேய்மானம் என்றால் காலையில் விறைப்பு அதிகமாக இருக்கும், சற்று நடந்ததும் தளரும். தண்டுவடம் மெல்லச் சிதைகிற நோய் என்றால் வலி பெரும்பாலும் இருக்காது, ஆனால் பாதம் மடங்கி, நகத்தின் மேற்புறம் தரையில் இழுபடும். சீசரின் பின்னங்கால் நடு நகங்கள் இரண்டும் அரம் வைத்துத் தேய்த்ததுபோல் தட்டையாகியிருந்தன. பாசி படிந்த படியில் அவை கிழித்த இரண்டு மெல்லிய கோடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். இவை மெதுவாக வருபவை. நேற்றுவரை நன்றாக நடந்த நாய் இன்று திடீரெனப் பின்னங்கால்களை இழுத்தால் பெல்ட் தேடாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நம் மருந்துப் பெட்டியில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006இலேயே இந்தியாவில் தடை வந்தது. அந்த மருந்து கொடுத்த மாட்டின் சடலத்தைத் தின்று மடிந்த பாறு கழுகுகளுக்காக வந்த தடை அது. அந்தக் கழுகுகளில் தென்னிந்தியாவில் மிஞ்சியிருப்பவற்றில் பல நமக்குக் கீழே மாயாறு பள்ளத்தாக்கில்தான் கூடு கட்டுகின்றன. நீலகிரிக்காரர்களாவது அந்த மருந்தின் பெயரை மறக்கக் கூடாது.

துண்டும் கட்டைப்பையும்

முதல் நாள் எல்லோரும் செய்வது, குளியல் துண்டை மடித்து, பின்னங்கால்களுக்கு முன்னால் வயிற்றடியில் கொடுத்து, இரு முனைகளையும் மேலே சேர்த்துப் பிடிப்பது. ஒரு தூளிதான். இதைவிட நல்ல வடிவம் எல்லார் வீட்டிலும் தொங்குகிறது. ஜவுளிக்கடையில் கொடுக்கும் கட்டைப்பையின் இரு பக்கத் தையலையும் பிரித்துவிட்டால் நடுவில் அகலமான துணி, இரண்டு பக்கமும் கைப்பிடி. பக்கத்து வீட்டு அக்காவின் பொமரேனியன் 9 கிலோ. அதற்கு நான் இதைத்தான் செய்துகொடுத்தேன். இன்றும் அந்தப் பையிலேயே ஓடுகிறது. சிறிய நாய் வைத்திருப்பவர்கள் பணம் செலவழித்து வேறு எதுவும் வாங்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

பெரிய நாய்க்கு இது சில நாள் ஏற்பாடு மட்டுமே. தூளி வயிற்றைத்தான் தாங்குகிறது, இடுப்பெலும்பை இல்லை. எடை ஏற ஏறச் சிறுநீர்ப்பையை அழுத்தும். ஆண் நாய் என்றால் சிறுநீர் வரும் இடத்தின் மீதே நழுவி உட்கார்ந்துகொள்ளும். சீசர் மரத்தடியில் நின்று காலை அகற்றுவான், துண்டு நனையும், பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பான். அந்தச் சங்கடம் அவன் முகத்தில் தெரிந்தது. மூன்றாம் நாளே துண்டை விட்டேன். ஜிஞ்சர்லீட் என்ற அமெரிக்கத் தயாரிப்பு இதே தூளியை மெத்தை வைத்து, கழுத்துப் பட்டையில் மாட்டும் கயிற்றோடு சேர்த்துச் செய்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் சில வாரம் சமதளத்தில் நடத்துவதற்கு ஏற்ற வடிவம்.

பின்னங்கால் பெல்ட்

அடுத்து வாங்கியது கால்சட்டைபோல் இரண்டு வளையங்களில் பின்னங்கால்களை நுழைத்து, முதுகின் மேல் கைப்பிடி வரும் வகை. வயிறு விடுதலையானது. சிறுநீர், மலம் இரண்டுக்கும் தடையில்லை. பாரம் இடுப்பிலும் தொடையிலும் இறங்குகிறது. ஏறுவதற்கு இது அருமையானது என்று தயங்காமல் சொல்வேன். நான் ஒரு படி கீழே நின்று கைப்பிடியை லேசாகத் தூக்கினால் போதும், அவனே முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொள்வான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 31 கிலோவில் பின்பாதி 12 கிலோ சொச்சம். ஏறும்போது இன்னும் சற்றுக் கூடும். அதில் பாதியை நாம் வாங்கிக்கொண்டால் மீதியை அவன் கால்கள் பார்த்துக்கொள்ளும். முழுவதையும் வாங்கிக்கொள்வது தவறு. உழைக்காத தசை வேகமாக வற்றிவிடும்.

இறங்குவதில்தான் இது என்னை ஏமாற்றியது. வாங்கிய இரண்டாம் வாரம், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலை. பதினோராவது படியில் அவன் பின்பக்கம் தள்ளாடியது. நான் பதறிக் கைப்பிடியை உயர்த்தினேன். இடுப்பு மேலே போனது, உடம்பின் பாரம் முழுவதும் முன்னங்கால்களில் கவிழ்ந்தது, முழங்கைகள் மடங்கின. தாடை கருங்கல்லில் இடித்த சத்தம் கேட்டது. உதட்டில் கொஞ்சம் இரத்தம், அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு அவன் அந்தப் படிக்கு வந்ததும் நின்றான். இறங்குமுகத்தில் பின்பக்கத்தை மட்டும் தூக்குவது நாயைத் தலைகீழாகக் கவிழ்ப்பதற்குச் சமம். வாசலில் படியோ சரிவோ உள்ளவர்கள் பின்னங்கால் பெல்ட்டைத் தனியாக நம்ப வேண்டாம்.

இன்னொரு குறை, மூட்டுவலி உள்ள நாய்க்கு ஒவ்வொரு பின்னங்காலையும் தூக்கி வளையத்தில் நுழைப்பதே வேதனை. வாங்குவதானால் காலைத் தூக்காமல் பக்கவாட்டில் பக்கிள் போட்டு மூடுகிற வகையாகப் பாருங்கள்.

மார்பு பெல்ட்

முன்பக்க பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மார்பையும் விலாவையும் சுற்றி வந்து, முதுகில் கைப்பிடி. ரஃப்வேர் நிறுவனத்தின் வெப் மாஸ்டர் இந்த வகைக்கு நல்ல உதாரணம். மலைநடைக்குப் போகும் திடமான நாயைப் பாறை மேல் தூக்கிவிட உதவும் வடிவம். தோள், முழங்கை நோவு உள்ள நாய்க்கும் இறங்குவதற்கும் இது நல்ல பிடி. பின்னங்கால் பலவீனமான நாயை இதை வைத்து எழுப்ப முயன்றால் முன்பாதி மட்டும் எழும், பின்பாதி தரையிலேயே கிடக்கும்.

இரண்டு கைப்பிடி

ஆக, ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. இரண்டையும் முதுகின் மேல் ஒரு பட்டையால் இணைத்தால் அதுவே முழு உடல் பெல்ட். ஹெல்ப் எம் அப் என்ற பெயரில் வருவது இந்த வகையில் பரவலாகத் தெரிந்தது: தோளுக்கு ஒரு கைப்பிடி, இடுப்புக்கு ஒரு கைப்பிடி. மலைவீட்டில் 20 கிலோவுக்கு மேல் நாய் வைத்திருப்பவர்களுக்கு என் தேர்வு சந்தேகமில்லாமல் இதுதான். ஏறும்போது பின்கைப்பிடி, இறங்கும்போது முன்கைப்பிடி, மிகவும் களைத்துவிட்டால் ஆளுக்கொன்றாக இருவர் பிடித்துத் தூக்கலாம். முதுகுத்தண்டு தரைக்கு இணையாகவே இருக்கும். தண்டுவடக் கோளாறு உள்ள நாய்க்கு இது மிக முக்கியம். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கும் பழக்கமும் நின்றுவிடும்.

விலையைப் பார்த்து நான் தயங்கினேன். கையில் ஏற்கெனவே ஒரு மார்பு பெல்ட்டும் ஒரு பின்னங்கால் பெல்ட்டும் இருந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு மேல் குன்னூரில் பள்ளிக்கூடப் பை தைத்துத் தரும் தையற்காரரிடம் போனேன். மேசையில் விரித்து, ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தார்.

"பட்டை நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. அறுந்தால் தையலில்தான் அறும். புத்தகப் பையும் அப்படித்தான். நான் பெட்டித் தையல் போட்டுத் தருகிறேன்" என்றார்.

"31 கிலோ தாங்குமா அண்ணா?"

"நாயைக் கூட்டி வாருங்கள். என் கண் முன்னால் தூக்கிக் காட்டுங்கள். பிறகு காசு கொடுங்கள்."

ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சதுரம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி, தடித்த நைலான் நூலில். நான் உயரம் குறைந்தவள் என்றாலும் கைப்பிடிக்குக் குனிய வேண்டியிருந்தது. அதனால் தோளில் மாட்டிக்கொள்ளும்படி ஒரு நீளப் பட்டையும் வைத்துக் கொடுத்தார். என் முதுகைக் காப்பாற்றியது அந்தப் பட்டைதான். கடையில் வாங்கும் பெல்ட்டில் அது இல்லையென்றால் தனியாகத் தைத்துக்கொள்ளுங்கள். அளவு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதிய நாய்க்குப் பின்தசை வற்றியிருக்கும். மார்புச் சுற்றுக்குப் பொருந்துகிற பெல்ட் இடுப்பில் தொளதொளக்கும். முன்னங்கால்களுக்குப் பின்னால் ஒரு சுற்று, தொடைக்கு முன்னால் ஒரு சுற்று, இரண்டையும் தனித்தனியாக அளந்து, பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்படி வையுங்கள்.

ஈரம்

சமவெளிக்காரர்கள் முழு பெல்ட்டைப் பற்றிச் சொல்லும் குறை வெக்கை. நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் எதிரி ஈரம். கூடலூர்ப் பக்கம் ஆடியில் கொட்டுகிறது, குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. அந்த மாதங்களில் துவைத்த சட்டையே மூன்று நாள் காய்வதில்லை. மெத்தை வைத்த பெல்ட் எப்படிக் காயும்? ஈரப் பட்டை அக்குளிலும் தொடையிடுக்கிலும் உரசினால் இரண்டே நாளில் முடி உதிர்ந்து தோல் சிவந்துவிடும். நாள் முழுக்கப் போட்டிருக்கலாம் என்று விளம்பரத்தில் சொன்னாலும் இங்கே நான் அதைச் செய்வதில்லை. இரவில் கழற்றிவிடுகிறேன், அந்த இரு இடங்களையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். பஞ்சு மெத்தை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டையிட்ட வலைத்துணியோ நியோபிரீன் என்ற ரப்பர் துணியோ துடைத்தால் விரைவில் காயும். வெல்க்ரோ ஒட்டுகளில் லாப்ரடார் முடியும் சேறும் ஏறிப் பிடிமானம் போய்விடுகிறது. பக்கிள்தான் நம்பகமானது.

நாயின் பின்பாதியைத் தாங்கும் சக்கர வண்டியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். படிக்கட்டில் அதற்கு வேலையே இல்லை. சரிவில் நாயை அதுவே தள்ளிக்கொண்டு ஓடும். வாசலிலேயே சமதளமாக எஸ்டேட் பாதை உள்ளவர்கள் யோசிக்கலாம்.

பெல்ட்டைக் கழற்றினாலும் இரவில் அவனைத் தனியாக வெளியே விடுவதில்லை. முன்பெல்லாம் கதவைத் திறந்துவிட்டால் போதும். ஓடக்கூடிய நாய்களையே சிறுத்தை தூக்கிப் போகும் ஊர் இது. காட்டெருமை சாலையிலேயே நிற்கிறது. ஓட முடியாதவன் இருட்டில் என்ன செய்வான்? நடுநிசியில் அவன் முனகினால் டார்ச்சை எடுத்து, பெல்ட்டை மாட்டி, வாசல் விளக்கு வெளிச்சம் விழும் தூரம்வரை மட்டும் போகிறோம். இரண்டு பக்கிள், அரை நிமிடம். வாங்கும்போதே இருட்டில் ஒரு கையால் மாட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

இப்போது 34 படிக்கும் எங்களுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. வழுக்கும் படிகளில் பழைய சாக்கை விரித்து ஓரத்தில் கல் வைத்திருக்கிறேன். இறங்கும்போது நான் ஒரு படி கீழே, அவன் தோளுக்குப் பக்கத்தில், முன்கைப்பிடியோடு. ஏறும்போது அதே பள்ளத்துப் பக்கம், பின்கைப்பிடியோடு. பதினோராவது படியில் இன்னமும் நிற்கிறான். நானும் பிடியைத் தளர்த்திவிட்டு நிற்கிறேன். அவனாக முன்னங்காலை எடுத்துவைத்த பிறகுதான் தூக்குகிறேன்.