ஆள் குறையற ஊர்ல காலி வீட்ட இடிக்கறதா, காத்து வைக்கறதா? லைப்சிக்கும் வூச்சும்

நம்ம பக்கம் ஊர்னாலே வீங்கற கதைதான், வீடு பத்தல தண்ணி பத்தல ரோடு பத்தலன்னு. அதனால ஜனம் குறையற ஊருக்கு என்ன வைத்தியம்னு கேட்டா நமக்கு சட்டுன்னு பிடிபடாது. ஆனா கிழக்கு ஜெர்மனி, போலந்து, ருமேனியா, பல்கேரியான்னு பழைய சோஷலிச நாடுகள்ல 1990-க்கு அப்புறம் ஊர் ஊரா இதுதான் நடந்துச்சு, ஃபேக்டரி மூடுச்சு, வயசுப் பசங்க வேலை தேடிக் கிளம்பிட்டாங்க, தெருத்தெருவா வீடு பூட்டிக் கிடந்துச்சு. அந்த வீட்ட வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு வழி எடுத்துச்சு. அதுல நான் ரொம்ப நாளா பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கற ரெண்டு ஊர், ஜெர்மனியில லைப்சிக், போலந்துல வூச். (எழுத்துல பார்த்தா லோட்ஸ் மாதிரி இருக்கும், அந்த ஊர்க்காரங்க வாயில வூச்னுதான் வரும், படகுன்னு அர்த்தம்.)

ரெண்டுமே பஞ்சாலை ஊரு. லைப்சிக்ல 1884-ல ஆரம்பிச்ச பவும்வோல்ஸ்பின்னராய் ஒரு காலத்துல ஐரோப்பாவிலயே பெரிய நூற்பாலைகள்ல ஒண்ணு. வூச்ச போலந்தோட மான்செஸ்டர்னு சொல்லுவாங்க, கோயமுத்தூர்க்காரங்களுக்கு இந்தப் பட்டம் புதுசில்ல, மில் சங்கு நின்னு போனா ஊர் எப்படி ஆகும்னும் அவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். லைப்சிக்ல 1989-ல 5.3 லட்சம் பேர், 1998-ல 4.37 லட்சம். பத்து வருஷத்துக்குள்ள ஒரு லட்சம் பேர் கிட்ட காணாம போயிட்டாங்க. வூச்ல 1988-ல 8.54 லட்சம், இப்ப 6.5 லட்சம் பக்கம். ஒண்ணு டக்குன்னு சரிஞ்சு அப்புறம் எழுந்துச்சு, இன்னொண்ணு முப்பது வருஷத்துக்கு மேல சொட்டுச் சொட்டா ரத்தம் வடிஞ்சுட்டே இருக்கு. ஒப்பிடும்போது இத மறக்கக் கூடாது.

கொள்கைக்குப் போறதுக்கு முன்னாடி வீடு யாரோடதுங்கற கேள்விய சொல்லியே ஆகணும், ஏன்னா மீதி எல்லாம் அதுலேர்ந்துதான் வருது. லைப்சிக்ல, பெர்லின் சுவர் விழுந்ததும் ஜெர்மன் அரசு எடுத்த நிலைப்பாடு, நஷ்டஈடு கொடுக்கறத விட சொத்தையே திருப்பிக் கொடுக்கறதுதான் முதல்னு. அதனால நாஜி காலத்துல யூதர்கள்கிட்டேர்ந்து பிடுங்கின வீடு, அப்புறம் கம்யூனிஸ்ட் அரசு எடுத்துக்கிட்ட வீடு எல்லாத்துக்கும் பழைய உரிமையாளர், அவங்க வாரிசுன்னு ஆள் தேடி கேஸ் மேல கேஸ். ஒரு வீட்டுக்கு அஞ்சாறு வாரிசு, ஒருத்தர் மேற்கு ஜெர்மனியில, இன்னொருத்தர் வெளிநாட்டுல, தீர்ப்பு வர்ற வரைக்கும் கூரை ஒழுகும். வூச்ல கதை இன்னும் கொடுமை. போருக்கு முன்னாடி அந்த ஊர்ல மூணுல ஒருத்தர் யூதர், 2.3 லட்சம் பேர் மாதிரி. அவங்கள நாஜிகள் கெட்டோவுல, அதாவது யூதர்களுக்குன்னு வேலி போட்ட பகுதியில அடைச்சு கொன்னு தீர்த்துட்டாங்க. கேக்க ஆளே இல்லாம போன வீடெல்லாம் அரசு கையில விழுந்து, 1990-க்கு அப்புறம் மாநகராட்சி தலையில வந்து உக்காந்துச்சு. போலந்துல இன்னைக்கு வரைக்கும் சொத்து திருப்பிக் கொடுக்கறதுக்குன்னு முழுசா ஒரு சட்டமே வரல. அதனால லைப்சிக் மாநகராட்சி தனியார் ஓனர்கிட்ட கெஞ்சித்தான் வேலை வாங்கணும், வூச்ல மாநகராட்சியே பெரிய ஓனர், ஆனா ரிப்பேர் பண்ண காசு கிடையாது.

முதல் வழி, இடிக்கறது. 2000-ல ஜெர்மனியில ஒரு கமிஷன் உக்காந்துச்சு, அதுக்குத் தலைவர் லைப்சிக்கோட முன்னாள் மேயர் ஹின்ரிஷ் லேமன் குரூபே. கிழக்குல 10 லட்சம் வீடு காலியா கிடக்குன்னு அந்த ரிப்போர்ட் சொல்லுச்சு, லைப்சிக்ல மட்டும் 60,000. 2002-ல ஷ்டாட்உம்பாவ் ஓஸ்ட்னு திட்டம் வந்துச்சு, கிழக்க மறுசீரமைக்கற திட்டம்னு அர்த்தம். ஆனா பணம் எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு பாருங்க. ஒரு சதுர மீட்டர் வீட்ட இடிச்சா 60 யூரோ வரைக்கும் மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து கொடுக்கும், மாநகராட்சி சொந்தமா ஒரு பைசா போட வேண்டாம். இதுக்கு மேல பழைய கடன் விவகாரம் ஒண்ணு இருக்கு. கம்யூனிஸ்ட் காலத்துல அரசு வீடு கட்ட வெறும் கணக்குல எழுதி வெச்ச கடன், 1990-ல நாடு ஒண்ணானதும் நிஜக் கடனா மாறி வீட்டுவசதி நிறுவனங்கள் தலையில ஏறிடுச்சு. 15 சதவீதத்துக்கு மேல வீடு காலியா இருந்து அத இடிச்சா சதுர மீட்டருக்கு 77 யூரோ வரைக்கும் அந்தக் கடன் தள்ளுபடி. காலி வீட்டுக்கும் வட்டி கட்டிட்டு இருக்கற ஒரு நிறுவனம் என்ன பண்ணும், இடிக்கத்தான் செய்யும். முதல் பத்து வருஷத்துல கிழக்கு முழுக்க 3 லட்சம் வீடு கிட்ட போச்சு. நகரம் நல்லா இருக்கணும்னு பேர் சொல்லி வந்த திட்டத்துல பாதி வேலைய நடத்துனது பேங்க் கணக்குதான்னு எனக்குத் தோணுது.

எல்லா இடிப்பும் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஹோயெர்ஸ்வெர்டா மாதிரி ஊரு, நிலக்கரிக்காகவே வளர்த்த ஊரு, 70,000 பேர் இருந்த இடத்துல இப்ப பாதி கூட இல்ல, அங்க ஓரத்துல இருக்கற கான்கிரீட் பிளாக்க காத்து வெச்சு யாருக்கு வாடகைக்கு விடறது. லைனஃபெல்டன்னு துரிங்கியாவுல ஒரு சின்ன ஊரு, அங்க இருந்த நூல் மில் படுத்துடுச்சு. அங்க பிளாக்க மொத்தமா தூக்காம மேல் மாடிய மட்டும் எடுத்தாங்க, பால்கனி வெச்சாங்க, 180 மீட்டர் நீளக் கட்டடத்த நடு நடுவுல வெட்டி எட்டு தனித்தனி வீடாக்கினாங்க. அது அழகான வேலை, இடிக்கறதுனா இப்படி இடிக்கணும்.

எனக்கு வலிக்கறது லைப்சிக் நடு ஊர்ல நடந்ததுதான். 1870-லேர்ந்து 1918-குள்ள கட்டின பழைய வீடுகள கம்யூனிஸ்ட் ஆட்சி கவனிக்காம அழுக விட்டுச்சு, காசெல்லாம் ஊர் ஓரத்துல குருனாவ் மாதிரி கான்கிரீட் குடியிருப்புக்குப் போச்சு. 1989-ல தெருவுல இறங்கின ஜனங்களோட கோபத்துல இந்த அழுகின வீடும் ஒண்ணு, 1990 ஜனவரியில கட்டட மாநாடுன்னு ஊர் ஜனங்களே கூடி பழைய பகுதிகள்ல நடந்துட்டு இருந்த இடிப்ப நிறுத்த வெச்சாங்க. அவ்வளவு போராடி காப்பாத்தின தெருவுல பதினஞ்சு வருஷம் கழிச்சு ஜனநாயக அரசோட மானியத்துல மறுபடி புல்டோசர் வந்துச்சு. யான்அல்லே ரோட்ட அகலப்படுத்தணும்னு 2005-ல க்ளைன ஃபுங்கன்பூர்க்னு பாதுகாக்கப்பட்ட கட்டடம் ஒண்ணயே இடிச்சாங்க, ஊர் கொதிச்சுப் போச்சு.

அதே ஊர்ல, அதே வருஷங்கள்ல, இன்னொரு வழியும் பொறந்துச்சு. 2004-ல ஹவுஸ்ஹால்டன்னு ஒரு சங்கம். அவங்க ஐடியா ரொம்ப எளிசு. காலியா கிடக்கற பழைய வீட்ட ஓனர் அஞ்சு வருஷம் மாதிரி சங்கத்துகிட்ட விடுவார், சங்கம் அதுல ஆள் வைக்கும், ஓவியர், தையல்காரர், சைக்கிள் ரிப்பேர் பண்றவங்க, படிக்கற பசங்கன்னு யார் வேணா. வாடகை கிடையாது, கரண்ட் தண்ணி மாதிரி நடப்புச் செலவ மட்டும் கட்டணும், உள்ள வெள்ளையடிக்கறது தரை போடறதெல்லாம் அவங்க கைவேலை. கூரை ஒழுகுதான்னு பார்க்க, குளிர்ல பைப் வெடிக்காம இருக்க, கண்ணாடிய யாரும் உடைக்காம இருக்க வீட்டுக்குள்ள ஆள் இருக்கு. அதனாலதான் வெஷ்டர்ஹவுஸ்னு பேரு, காவல்வீடுன்னு வெச்சுக்கலாம். பெரிய ரோட்டு முனையில வண்டிச் சத்தத்துல யாருமே வாடகைக்கு வராத, ஆனா இடிச்சா தெருவோட முகமே போயிடும்ங்கற மாதிரி வீடுகளத்தான் முதல்ல எடுத்தாங்க.

மாநகராட்சியும் சும்மா இல்ல. இடிஞ்சு காலியான மனைக்கு ஓனரோட ஒரு ஒப்பந்தம் போடும், சில வருஷத்துக்கு அங்க மரம் வெச்சு பொது இடமா விடுங்க, அதுவரைக்கும் நிலவரி வேண்டாம், கட்டற உரிமை உங்களுக்கே இருக்கட்டும்னு. ஓட்டை விழுந்த நகரம்னு அப்போதைய கட்டடத்துறை பொறுப்பாளர் லுட்க டால்ட்ரூப் ஒரு வார்த்தை சொன்னார், துளை இருந்தா இருக்கட்டும், அதுல புல் முளைக்கட்டும்ங்கற மாதிரி. அப்புறம் 2001-லேர்ந்து சாதாரண குடும்பங்கள் நாலஞ்சு சேர்ந்து ஒரு பழைய வீட்ட வாங்கி ரிப்பேர் பண்ணிக்க மாநகராட்சியே வழிகாட்டுச்சு. இதெல்லாம் சின்னச் சின்ன காசு. காவல்வீடு எண்ணிக்கை சில டஜன் கூட இல்ல, அத வெச்சு 60,000 வீட்ட காப்பாத்த முடியாதுன்னு கேக்கறவங்க சொல்றது சரிதான். ஆனா அது செத்த தெருவுல ராத்திரி லைட் எரிய வெச்சுது, லிண்டனாவ்ங்கற அந்த ஊர்ப் பகுதி பக்கம் போலாம்னு ஜனங்களுக்குத் தோண வெச்சுது, அந்த மதிப்ப எந்த மானியக் கணக்குலயும் எழுத முடியாது.

அப்புறம் யாருமே எதிர்பார்க்காதது நடந்துச்சு. போர்ஷே, பிஎம்டபிள்யூ, டிஎச்எல் எல்லாம் வந்துச்சு, சக்சோனி கிராமத்துப் பசங்களும் மேற்கு ஜெர்மனி மாணவர்களும் வீடு சீப்பா கிடைக்குதுன்னு குவிஞ்சாங்க, 2010-க்கு அப்புறம் வருஷத்துக்கு 10,000 பேருக்கு மேல கூடின வருஷமெல்லாம் உண்டு, இப்ப ஊரு 6 லட்சத்த தாண்டிடுச்சு. இடிச்ச வீட்டுக்கு இப்ப ஆள் இருக்கு, மூடின பள்ளிக்கூடத்துக்கு இப்ப பிள்ளைங்க இருக்கு, ஊர் அவசர அவசரமா பள்ளிக்கூடம் கட்டிட்டு இருக்கு. 2002-ல உக்காந்து திட்டம் போட்டவங்கள நான் முட்டாள்னு சொல்லல, கிழக்கு ஜெர்மனியில 1994-ல ஒரு பெண்ணுக்கு 0.8 குழந்தை கூட இல்லங்கற நெலம, அந்தக் கணக்க பார்த்தா யாருக்கும் பயம் வரும். ஆனா தெரியாத எதிர்காலத்துக்கு திருப்ப முடியாத முடிவ எடுக்கறதுக்கும், அஞ்சு வருஷ ஒப்பந்தம் போட்டுக் காத்திருக்கறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு லைப்சிக் தெரு முனையில நின்னு பார்த்தாலே தெரியும், ஒரு பக்கம் ரிப்பேர் ஆகி ஆள் இருக்கற வீடு, எதிர்ப்பக்கம் வெத்து மனை.

இப்ப வூச். இங்க வழி வேற, நகரமே இறங்கி பெருசா செலவழிக்கறது. தொண்ணூறுகள்ல காசே இல்ல, சோவியத் ஆர்டர் நின்னு போய் மில் வரிசையா மூடுச்சு, அதுல வேலை பார்த்தது பெரும்பாலும் பெண்கள். 1971 பிப்ரவரியில ஸ்ட்ரைக் பண்ணி விலையேத்தத்த வாபஸ் வாங்க வெச்சவங்க இந்த ஊர் மில் பெண்கள், இருபது வருஷத்துல அவங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. முதல் பெரிய மாற்றம் 2006-ல, பொஸ்னான்ஸ்கிங்கற மில் முதலாளியோட பழைய சிவப்புச் செங்கல் மில் 27 ஹெக்டேர்ல மனுஃபக்தூராங்கற ஷாப்பிங் வளாகமா திறந்துச்சு. கட்டடம் பிழைச்சது சந்தோஷம், ஆனா ஊரோட முக்கியத் தெருவான பியோத்ர்கோவ்ஸ்காவுல இருந்த கடை வியாபாரத்த அது உறிஞ்சிடுச்சு. அப்புறம் ஐரோப்பிய யூனியன் பணம் வந்துச்சு. 1907-ல கட்டின மின்நிலையம் இசி1 அறிவியல் மையமாச்சு, 2016 டிசம்பர்ல வூச் ஃபப்ரிச்னா ஸ்டேஷன் பூமிக்கு அடியில புதுசா திறந்துச்சு. அந்த ரயில் பாதைய ஊருக்கு அடியில நீட்ட சுரங்கம் தோண்டினப்போ 2024 செப்டம்பர்ல மேல இருந்த ஒரு பழைய வீட்டோட ஒரு பகுதி சரிஞ்சு விழுந்துச்சு. யார காப்பாத்தறதுக்கு இவ்வளவும்னு அந்தப் படத்த பார்த்தப்போ நெஞ்சு அடைச்சுது.

வீடுகளுக்குன்னு எடுத்த வேலை ரெண்டு கட்டம். 2011-ல மியா100 கமியெனிட்ஸ், நூறு பழைய குடியிருப்புகள மாநகராட்சி ரிப்பேர் பண்ற திட்டம். முகப்பு பளபளன்னு ஆச்சு, ஆனா உள்ள இருந்தவங்கள வெளிய அனுப்பித்தான் வேலை, திரும்பி வந்தா வாடகை ஏறியிருக்கும். அடுப்புல கரி போட்டு சூடாக்கற, நடைபாதையில பொது கக்கூஸ் இருக்கற வீட்டுல முப்பது நாப்பது வருஷம் இருந்த பாட்டிக்கு அது பெரிய அடி. இதுலேர்ந்து பாடம் கத்துக்கிட்டாங்கன்னு சொல்லணும். 2015 அக்டோபர் 9-ம் தேதி நலிஞ்ச பகுதிகள புதுப்பிக்கறதுக்குன்னு போலந்து ஒரு மறுமலர்ச்சிச் சட்டமே போட்டுச்சு, எனக்கு அதுல ரொம்ப பிடிச்ச விஷயம், ஊரோட 20 சதவீத நிலத்துக்கும் 30 சதவீத ஜனத்துக்கும் மேல மறுமலர்ச்சிப் பகுதின்னு அறிவிக்க முடியாது, அதாவது எல்லா வார்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிச்சுப் போட்டு காச கரைக்க முடியாது. வூச் நடு ஊர்ல எட்டு ப்ராஜெக்ட் எடுத்துச்சு, வீடு, முற்றம், தெரு எல்லாம் சேர்த்து. இந்தத் தடவ ஒவ்வொரு பகுதிக்கும் ஆள் போட்டாங்க, வீடு மாத்தறப்போ கூடவே நடந்து பெட்டி தூக்கற வரைக்கும் உதவற பகுதிப் பொறுப்பாளர், கடன், வேலை, குடும்பப் பிரச்சனைக்கு வழி காட்ட லட்டார்னிக், கலங்கரை விளக்குக் காவல்காரர்னு அர்த்தம். லைப்சிக்ல இந்தப் பதவி மாதிரி ஒண்ணு இருந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

ஏன்னா லைப்சிக்கோட பெரிய ஓட்டை இதுதான். வீட்ட காத்துச்சு, காத்தவங்கள காக்கல. லிண்டனாவ்ல யோசெஃப் தெருவுல குப்பை மேட்ட ஜனங்களே சுத்தம் பண்ணி தோட்டம் போட்டாங்க, ஊர் வளர்ந்ததும் அந்த மனை மேல வீடு வந்துச்சு, தோட்டம் சுருங்குச்சு. காவல்வீட்டுல சிலது ஒழுங்கான வாடகை ஒப்பந்தமா மாறிச்சு, மத்ததுல ஓனர் சாவிய திருப்பி வாங்கிக்கிட்டார், சட்டப்படி அவருக்கு உரிமை இருக்கு. குடியிருப்போரைப் பாதுகாக்கற பகுதின்னு மாநகராட்சி அறிவிச்சது 2020-ல, புது வாடகைக்கு உச்சவரம்பு வந்தது 2022-ல, ஏறினது எல்லாம் ஏறி முடிச்ச அப்புறம். ஒரு விஷயத்துல அந்த ஊர கும்பிடணும், பக்கத்து ட்ரெஸ்டன் 2006-ல தன்கிட்ட இருந்த 48,000 வீட்டயும் மொத்தமா அமெரிக்க முதலீட்டுக் கம்பெனிக்கு வித்து கடன அடைச்சுது, லைப்சிக் தன் வீட்டு நிறுவனத்த விக்கல, இன்னைக்கு ஏழை ஜனத்துக்கு கொஞ்சமாவது இடம் இருக்குன்னா அதனாலதான்.

அப்ப எது நல்ல வழின்னா, என் ஓட்டு காத்து வைக்கறதுக்குத்தான், அதுவும் நடு ஊர்ல. செலவு கம்மி, தப்பாப் போனா திருத்திக்கலாம். இடிக்கறது ஊர் ஓரத்துல, லைனஃபெல்ட மாதிரி நிதானமா, இருக்கறவங்களுக்கு வேற வீடு கொடுத்துட்டு. வூச் மாதிரி பெரிய முதலீடு, ஸ்டேஷனும் மாலும் கட்டினா ஜனம் தானா வரும்னு நம்பி போட்டது, எண்ணிக்கையில பலிக்கல, 2007 வரைக்கும் போலந்தோட ரெண்டாவது பெரிய ஊரா இருந்தது இப்ப நாலாவது. வார்சா 130 கிலோமீட்டர்ல இருந்து இழுக்கறப்போ ஸ்டேஷன் ரெண்டு பக்கமும்தான் வேலை செய்யும். ஆனா ஊர் குறைஞ்சாலும் அங்க இருக்கற 6.5 லட்சம் பேருக்கு கக்கூஸ் வீட்டுக்குள்ள வரணும்ல, அத அந்த எட்டு ப்ராஜெக்ட் செஞ்சிட்டு இருக்கு, அத நான் தோல்வின்னு எழுத மாட்டேன்.

இனிமே எந்த ஊராவது காவல்வீடு ஆரம்பிச்சா ஒப்பந்தத்துல ஒரு வரி சேருங்கன்னு சொல்லுவேன், அஞ்சு வருஷம் முடிஞ்சு வீடு வாடகைக்குப் போனா முதல் சாவி அத காத்தவங்களுக்குத்தான், அவங்க உள்ள போட்ட உழைப்பு வாடகையில கழியணும்னு. லைப்சிக்ல 2004-லயே இந்த வரி இருந்திருந்தா ஓனர் மறுத்திருக்க மாட்டார், அன்னைக்கு அந்த வீட்ட ஓசியில கூட வாங்க ஆள் இல்ல.