ஒட்டிவிட்டுப் போவதும் உட்கார்ந்து எழுவதும்: ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும்

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் என்ற இரு வலிநிவாரணிகளில் எது வலிமையான மாத்திரை என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை. நொதியைப் பிடித்தபின் எது, எப்போது விடுகிறது என்பதில்தான் கதை இருக்கிறது.

இரண்டும் குறிவைப்பது சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற ஒரே நொதியை. சுருக்கமாக, காக்ஸ். செல் சவ்விலிருந்து கிடைக்கும் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாக இதுதான் முதல் படி. ஆஸ்பிரின் கெடுப்பது இந்த வேலையைத்தான் என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் காட்டியது 1971இல். அதற்குள் அந்த மருந்துக்கு எழுபது வயது கடந்துவிட்டது!

நொதிக்குள் குறுகலான ஒரு பாதை இருக்கிறது. அராக்கிடோனிக் அமிலம் அதன் வழியே வந்து அமரவேண்டிய இடத்தில் ஐபுப்ரோஃபென் போய் உட்கார்ந்துகொள்கிறது. நிலையான வேதிப்பிணைப்பு எதுவும் உருவாவதில்லை. உட்காரும், எழும், மறுபடி உட்காரும். அமிலத்தின் அளவைக் கூட்டினால் இடம் அதன் கைக்கே போய்விடும். பாடநூல்கள் சொல்லும் போட்டித் தடுப்பு இதுதான்: வினையின் உச்ச வேகம் மாறுவதில்லை, ஆனால் அதில் பாதியை எட்டவே கூடுதல் அமிலம் தேவைப்படுகிறது. இரத்தத்தில் ஐபுப்ரோஃபெனின் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறையும் நேரம், சுமார் 2 மணி நேரம். அளவு குறையக் குறைய, நொதி பழையபடி வேலைக்குத் திரும்பிவிடுகிறது.

ஆஸ்பிரின் நுழைவதும் அதே பாதையில்தான். ஆனால் அங்கிருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தின்மீது தன் அசிட்டைல் தொகுதியை ஒட்டிவிட்டு, மீதி உடல் சாலிசிலேட்டாக வெளியேறிவிடுகிறது. எய்தவன் போய்விட்டான், அம்பு தைத்தபடியே இருக்கிறது. இனி எவ்வளவு அராக்கிடோனிக் அமிலத்தைக் கொட்டினாலும் அந்த நொதி மூலக்கூறு பழைய வேலையைச் செய்யாது. இரத்தத்தில் ஆஸ்பிரினின் அரை ஆயுள் 20 நிமிடம்கூடத் தேறாது என்பதுதான் வேடிக்கை.

மற்ற செல்கள் புதிய காக்ஸ் தயாரித்துச் சமாளித்துக்கொள்ளும். இந்த நொதியின் உதவியோடு ஒன்றோடொன்று ஒட்டி இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது; இழந்த நொதியை அவற்றால் ஈடுகட்ட முடியாது. 7 முதல் 10 நாள் வரையிலான தம் ஆயுள் முழுவதும் அப்படியே கழிக்கின்றன. உறைகட்டியைத் தடுக்க மருத்துவர்கள் தினமும் சிறிய அளவு ஆஸ்பிரின் தருவது இதை நம்பித்தான். இரத்தக்கசிவு அபாயமும் இதே குணத்தின் மறுபக்கம். இந்த ஒரு வேலையில் ஐபுப்ரோஃபென் அதற்கு மாற்றாகாது. சாதாரண வலிக்கோ, விட்டுப்போகும் குணம்தான் வசதி என்பேன்.

இரண்டையும் சேர்த்து விழுங்கினால்? ஐபுப்ரோஃபென் முந்திக்கொண்டு பாதையில் அமர்ந்துவிட்டால் ஆஸ்பிரினால் செரினை நெருங்க முடியாது. காத்திருக்கவும் அதற்கு நேரமில்லை. இடம் காலியாவதற்குள் தானே சிதைந்துவிடும். அதனால்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல் ஓர் இடைவெளியைப் பரிந்துரைத்தது: உடனே கரையும் ஆஸ்பிரினை எடுத்து 30 நிமிடமாவது கழித்து ஐபுப்ரோஃபென்; ஐபுப்ரோஃபெனை முதலில் எடுத்திருந்தால், 8 மணி நேரத்துக்கும் மேல் கழித்து ஆஸ்பிரின்.