கேஸ் ஆபீஸ் ஆட்கள் என்று சொல்லி வருகிறார்கள், மடிப்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் கவனம்

போன புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், வீட்டில் அம்மா மட்டும். இரண்டு பேர் பெல் அடித்திருக்கிறார்கள். கருநீலச் சட்டை, பாக்கெட்டில் தைத்த லோகோ, தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. "கேஸ் ஆபீஸ்ல இருந்து வர்றோம்மா, அஞ்சு வருஷச் செக்கிங்" என்று சொல்லி, செருப்பை வாசலிலேயே ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். அம்மா ஃபேனைப் போட்டு மோரும் கொடுத்திருக்கிறார். கொரியர் பையனைக்கூட கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்!

டியூபை வளைத்துக் காட்டி, "வெடிப்பு விட்டிருக்கு, ராத்திரி பத்திக்கிச்சுன்னா?" என்று பயமுறுத்தி, புது டியூப், ரெகுலேட்டரில் மாட்ட ஏதோ ஒரு 'சேஃப்டி' கருவி என்று 2,850 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பழைய டியூபையும் கையோடு எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டு வருஷம் முன்னால் ஏஜென்சியில் நானே வாங்கிய ஆரஞ்சு டியூப் அது, ஐந்து வருஷம் வரும், விலை 200 ரூபாய்கூட இல்லை.

சாயங்காலம் நான் வந்தபோது சமையலறையில் கேஸ் வாடை. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அடித்தேன். வந்த மெக்கானிக் கசங்கிய டி-ஷர்ட்டில் இருந்தார், அம்மா அவரைக் கேட்டிலேயே நிறுத்திக் கார்டு கேட்டார். அவர் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே வந்து, இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினார், பொட்டுப் பொட்டாகக் குமிழி கிளம்பியது. புது டியூபில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை, கேஸ் டியூபுக்கான தர எண்ணான ஐ.எஸ். 9573 இல்லை, ஆண்டும் இல்லை.

"நம்ம கேஸ் தம்பி மாதிரியே இருந்தான்ப்பா" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவரைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. சிலிண்டர் போடுகிற அந்தத் தம்பி அதே நிறச் சட்டையில் பல வருஷமாக வந்து, கேட்காமலேயே சிலிண்டரை உள்ளே உருட்டி வைத்து, கசிவு பார்த்துவிட்டுத்தான் போவார். அவர் சம்பாதித்து வைத்த நம்பிக்கையை இவர்கள் அந்தச் சட்டையோடு சேர்த்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். யார் வந்தாலும் முதலில் "எங்க கன்ஸ்யூமர் நம்பர் சொல்லுங்க" என்று கேளுங்கள், கேஸ் புத்தகத்தில் இருக்கும் ஏஜென்சி நம்பருக்கு அடித்து உறுதி செய்யும் வரை கதவைத் திறக்காதீர்கள். அவர்கள் நீட்டும் நம்பருக்கு அடிக்க வேண்டாம். பகலில் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.