திறக்காத டேங்க் மூடி: எண்ணெயா, சாவிக்காரரா, ட்ரில்லா?

பழைய மோட்டார் பைக் வாங்கியவர்களிடம் பேசிப் பாருங்கள். எஞ்சினைப் பற்றிப் புலம்புகிறவர்களைவிட டேங்க் மூடியைப் பற்றிப் புலம்புகிறவர்கள் அதிகம். ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, பின்னாளில் யாரோ லாக் மூடி வாங்கி மாட்டிய புல்லட் என எதுவானாலும் கதை ஒன்றுதான். விற்றவர் "கொஞ்சம் டைட்டா இருக்கும், ஆயில் விட்டா சரியாயிடும்" என்று சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்த பிறகு சாவி திரும்பாது. டேங்கில் இருக்கும் பெட்ரோல் தீரும்வரைதான் வண்டி ஓடும்.

இதற்கு வழி கேட்டால் மூன்று கட்சியாகப் பிரிந்து பதில் வரும். எண்ணெய் விட்டுக் காத்திரு என்பது ஒன்று, சாவிக்காரரைக் கூப்பிடு என்பது இன்னொன்று. ட்ரில் போட்டு முடித்துவிடு என்பது மூன்றாவது. எது சீக்கிரம் முடியும் என்று பார்த்து இதில் முடிவெடுக்கக் கூடாது. மூடி போனால் சென்னைப் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ வேறு வாங்கலாம். மூடி உட்காரும் டேங்க் கழுத்து நெளிந்தால் டிங்கரிங், வெல்டிங், பெயின்ட் என்று செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கம்பெனி பெயின்ட்டோடு இருக்கும் டேங்க் என்றால் அது திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. அதனால் எந்த வழியானாலும் நான் முதலில் கேட்பது, கழுத்துக்கு என்ன ஆகும் என்பதைத்தான்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, எது மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாவி உள்ளேயே போகவில்லையா? போகிறது, ஆனால் திரும்பவில்லையா? திரும்புகிறது, மூடி மட்டும் வரவில்லையா? சாவி பாதியில் உடைந்து உள்ளே நிற்கிறதா? நான்கும் வேறு வேறு நோய். எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பிரேயை அடித்துக்கொண்டிருப்பதில்தான் பாதி நாள் வீணாகிறது.

முதலில் எளிதான நோயைச் சொல்லிவிடுகிறேன். சாவி திரும்பியும் மூடி வரவில்லை என்றால் பூட்டின் மேல் குற்றமில்லை. மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் ஊறிப் பெருத்துக் கழுத்தோடு ஒட்டியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர்களுக்கு இது வாடிக்கையாகிவிட்டது. அல்லது மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் டேப்பிலிருந்து ஓஸைக் கழற்றி, கீழே பாத்திரம் வைத்து, டேப்பைத் திறந்துவிடுங்கள். கொஞ்சம் பெட்ரோல் வடிந்து, 'குளுக்' என்று காற்று உள்ளே ஏறினால் காரணம் அதுதான். அதற்கும் அசையவில்லை என்றால், வண்டியை வெளியே நிறுத்தி, கொதிநீரில் நனைத்த துணியை மூடியின் மேல் சுற்றிச் சில நிமிடம் வையுங்கள். மூடி பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு, கழுத்து இரும்புத் தகடு. ஒரே சூட்டில் துத்தநாகம் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். பிடி தளர அந்த வித்தியாசம் போதும். சூடு வேண்டும் என்று தீ கக்கும் கேஸ் டார்ச்சைக் கையில் எடுப்பவர் வண்டிப் பக்கமே வர வேண்டாம்.

சாவி திரும்பாத கேஸுக்கு வருவோம். பெரும்பாலோருக்கு இருப்பது இதுதான்.

இந்த மூடிகளில் இருப்பது தகட்டுப் பூட்டு. உள்ளே உருளை ஒன்று, அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் தலைமுடி போல ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகள் உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, அதைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கும். சரியான சாவி போனதும் எல்லாத் தகடுகளும் ஒரே மட்டத்துக்கு உள்ளே இழுபடும், உருளை திரும்பும். ஒரே ஒரு தகடு ஒரு மயிரிழை வெளியே நின்றாலும் திரும்பாது. இக்னிஷன் பூட்டு நன்றாக இருக்கும்போது டேங்க் பூட்டு மட்டும் சீக்கிரம் சாவதற்குக் காரணம், அதன் ஓட்டை வானத்தைப் பார்த்து இருப்பதுதான். மழைத் தண்ணீர், மண், பாலிஷ், வண்டி கழுவும் சோப்பு என்று எல்லாம் அங்கேதான் இறங்குகிறது.

எண்ணெய்க் கட்சிக்கு நியாயம் இங்கே இருக்கிறது. ஆனால் எண்ணெய் விடுவதற்கு முன்னால் கழுவ வேண்டும். சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து ஓட்டையில் அடித்து, பஞ்சர் கடைக் காற்றால் ஊதி, மறுபடி அடித்து ஊதினால் கருப்பாக வண்டல் வரும். அது நின்ற பிறகுதான் மசகு. டபிள்யூடி-40 ஸ்பிரே கைவசம் இருந்தால் நல்லது. பேரிலேயே ('வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்') இருப்பதுபோல அது தண்ணீரை விரட்டுவதற்குச் செய்தது, நீடித்து நிற்கும் மசகு அல்ல. துரு இளக்கும் எண்ணெய் இன்னும் மேல். இரவு விட்டுவிட்டு, காலையில் சாவியை உள்ளே விட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் மூடியின் மேல் லேசாகத் தட்டிக்கொண்டே சாவியை இரண்டு பக்கமும் அசைக்க வேண்டும். தட்டலின் அதிர்வில்தான் மாட்டிய தகடு விடுபடும்.

நம் ஊரில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் பிசினாகி வருகிற தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். பல பூட்டுகள் செத்ததே அதனால்தான்.

எண்ணெய் வழியில் டேங்க் கழுத்துக்கு ஆபத்தே இல்லை. ஆபத்து சாவிக்கு. திரும்பவில்லை என்று குறடால் சாவியைப் பிடித்து முறுக்கினால், முப்பது வருடம் தேய்ந்த சாவி அதன் தலைக்குக் கீழே முறிந்துவிடும். கை விரல் பலத்துக்கு மேல் ஒரு துளியும் கொடுக்கக் கூடாது. சாவியை முழுக்க உள்ளே தள்ளி, அரை மில்லிமீட்டர் வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்த சாவியில் பள்ளங்கள் இடம் மாறியிருக்கும், இந்தச் சின்ன இழுப்பில் சில சமயம் சட்டென்று விழும். அப்படித் திறந்தால் பூட்டு நல்ல பூட்டு, சாவிதான் கிழம் என்று அர்த்தம்.

அந்தக் கிழச் சாவியைக் கொண்டுபோய் டூப்ளிகேட் போடுவதால் லாபமில்லை. மெஷின் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். பல ஜப்பானிய வண்டிகளில் அசல் சாவியின் தலையிலோ இக்னிஷன் பூட்டின் உடலிலோ எண் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்து வெட்டினால் புத்தம் புதுச் சாவி. எண் இல்லை என்றால் சாவிக்காரர்தான்.

எனக்குப் பிடித்த வழியும் அதுதான். மெஷினில் நகலெடுப்பவர் அல்ல, அரத்தோடு உட்கார்ந்து சாவி செய்கிற பழைய ஆள். வெட்டாத சாவி ஒன்றை எடுத்துக் கரி பூசுவார். பூட்டில் விட்டு, திருப்புகிற மாதிரி அழுத்தம் கொடுத்து, வெளியே எடுப்பார். கரியில் ஊசிமுனை அளவு பளபளப்பாக ஒரு கீறல் தெரியும். தகடு முட்டும் இடம் அது. அந்த இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி பூட்டு. கீறல் விழாமல் போகும்வரை அந்த இடத்தில் ராவிக்கொண்டே போவார். பூட்டைக் கழற்றாமல், மூடியில் ஒரு கீறல் போடாமல், கடைசியில் கையில் வேலை செய்யும் சாவியும் இருக்கும். மற்ற இரண்டு வழியிலும் இந்தக் கடைசி லாபம் கிடையாது.

அவரிடம் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கரி பூச அவர் மெழுகுவர்த்தியையோ தீக்குச்சியையோ பற்றவைப்பது வழக்கம். பெட்ரோல் டேங்கின் தலைமாட்டில் அது நடக்கக் கூடாது. பத்தடி தள்ளிப்போய்ச் செய்யச் சொல்லுங்கள், அல்லது கருப்பு மார்க்கர் பேனாவை நீட்டுங்கள், அதுவும் வேலை செய்யும். இன்னொன்று, ஆர்சி புத்தகம் கையில் இருக்கட்டும். நல்ல சாவிக்காரர் அதைக் கேட்காமல் கை வைக்க மாட்டார்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்து உடைந்திருந்தால் கீறலே விழாது. துத்தநாக உடல் வெள்ளைப் பொடியாக அரித்து உருளையைக் கவ்வியிருந்தால் சரியான சாவிகூடத் திருப்பாது. உடைந்த சாவித் துண்டை மட்டும் எடுக்க வேண்டும் என்றால், ஃப்ரெட்சா பிளேடின் (மெல்லிய ரம்ப பிளேடு) துண்டு ஒன்றைப் பல் வெளிப்பக்கம் பார்க்கச் செருகி இழுத்தால் வந்துவிடும். அதற்கு உருளை பூட்டிய நிலையில் நேராக நிற்க வேண்டும், சாய்ந்திருந்தால் துண்டு வெளியே வராது.

எல்லாம் தோற்ற பிறகுதான் ட்ரில். இதைத் திட்டுகிற கூட்டத்தில் நான் இல்லை. 1985 முதல் 1996 வரை இங்கே வந்த ஆர்எக்ஸ் 100-க்கு மாற்று மூடி இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்காக ஒரு வாரம் தவம் இருக்கத் தேவையில்லை. யெஸ்டி செய்த மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1996-லேயே மூடிவிட்டது. அங்கிருந்து வந்த அசல் மூடி உங்கள் கையில் இருக்கிறது என்றால் கணக்கே வேறு. அதற்கு சாவிக்காரர் தோற்றால் இன்னொரு சாவிக்காரரைத் தேடுவேனே தவிர ட்ரில்லைத் தொட மாட்டேன்.

ட்ரில்லில் உலோகம் ஒரு பிரச்சினையே இல்லை. பித்தளையும் துத்தநாகமும் மென்மையானவை, பிட் வழுக்கிக்கொண்டு இறங்கும். பிரச்சினை ஆவி. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றும் அளவு ஆவி விடும். காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்தால் வெடிக்கும். அதனால் வடித்து முடித்த டேங்க் பத்திரம் என்பது தப்புக் கணக்கு. அடியில் ஒட்டியிருக்கும் ஈரத்தின் ஆவியும் புதிதாக நுழைந்த காற்றும் சேரும்போதுதான் அந்தக் கலவை அமைகிறது. சாதாரண மின்சார ட்ரில்லின் மோட்டார் பிரஷ் உள்ளேயே பொறி விட்டுக்கொண்டிருக்கும்.

செய்தே தீர வேண்டும் என்றால் முறை இது. பெட்ரோலை முழுக்க வடித்து, டேங்க்கை வண்டியிலிருந்து இறக்குங்கள். பெட்ரோல் டேப்பைக் கழற்றி, டேங்க்கைக் கவிழ்த்து, அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் நிரப்புங்கள். டேப்பை மாட்டி நிமிர்த்துங்கள். உள்ளே ஆவி நிற்க இடமே இருக்காது. கையால் சுற்றும் கைட்ரில் இருந்தால் அதுவே போதும். சாவி ஓட்டையிலேயே 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, பிறகு 5, பிறகு 6. பிட்டில் கிரீஸ் அப்பிக்கொண்டால் தூள் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். பூட்டின் ஆழம் எவ்வளவு என்று மாற்று மூடியில் அளந்து, பிட்டில் ஒட்டும் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். தகடுகள் சிதைந்ததும் தட்டை ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டால் உருளை தானாகத் திரும்பும். கடைசியில் தண்ணீரைக் கொட்டி, ஒரு லிட்டர் பெட்ரோலால் அலசி, தூள் முழுக்க வெளியேறியதா என்று டார்ச்லைட்டில் பார்த்துவிட்டு, அன்றைக்கே டேங்க்கை வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் உள்ளே துரு பூத்துவிடும்.

நான்காவது ஒரு கட்சியும் உண்டு. பெரிய ஸ்க்ரூடிரைவரை மூடிக்கும் கழுத்துக்கும் நடுவில் செருகிச் சுத்தியலால் நெம்புவது. இரண்டு நிமிடத்தில் திறக்கும். கழுத்து நெளிந்து, புது மூடி உட்காராமல், ஒவ்வொரு பிரேக்குக்கும் பெட்ரோல் தொடையில் தெளிக்கும். இந்தக் கட்சிக்கு இதற்கு மேல் அலசல் தேவையில்லை.

திறந்ததும் உடனே மூடிப் பழையபடி ஓட்ட ஆரம்பிக்காதீர்கள். புது வாஷர் போடுங்கள், காற்றுத் துளையில் ஊசி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். பூட்டு பிழைத்திருந்தால் கிராஃபைட் பொடி கொஞ்சம் ஊதுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் துடைத்துவிட்டு. புது மூடி என்றால் சாவி இரண்டாகிவிடும். அது பிடிக்காதவர்கள் மூடியை நம் சாவிக்காரரிடமே கொண்டுபோனால், தகடுகளை வரிசை மாற்றியோ லேசாக ராவியோ இக்னிஷன் சாவிக்கே பொருத்திக் கொடுத்துவிடுவார்.