பரந்தன் ஆலையும் பதினாறரை மில்லிமீற்றர் தண்டவாளமும்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் எச்ஓ அளவு, அதாவது 1:87, மாதிரி ரயில் பாதை சில வருடங்களாக ஓடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் மச்சான் கொண்டுவந்த, எஞ்சினும் தண்டவாளமும் அடங்கிய பெட்டிதான் தொடக்கம். வன்னி வெக்கைக்கும் புழுதிக்கும் எது தாக்குப்பிடிக்கும் என்று அந்தப் பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

பித்தளைத் தண்டவாளம் மாரியில் கறுத்து, எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். நிக்கல் சில்வர் எவ்வளவோ மேல். ஆனாலும் சோளகம் வீசும் மாதங்களில் ஓட்டுவதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட்டால் துடைக்கத்தான் வேண்டும். புழுதி சில்லில் ஏறிக் கறுப்புப் பிசினாகிவிடும். தகரக் கூரை என்றால் வெக்கையில் தண்டவாளம் விரியும், அதன் இணைப்புகளில் மெல்லிய மட்டை நுழையுமளவு இடைவெளி விடுங்கள். அடிப்பலகைக்கு எம்டிஎப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, வேண்டவே வேண்டாம், ஈரத்தில் ஊதிவிடும். பனஞ்சிலாகைச் சட்டத்தைக் கறையான் இன்னும் தொடவில்லை. கரண்ட் போனால் 12 வோல்ற் பற்றரி போதும், பியூஸ் போட்டுக் கொழுவுங்கள்.

யாழ்தேவியை இழுத்த எம்2 டீசல் எஞ்சின்கள் கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தில் கனடா தந்தவை. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று மாகாணப் பெயர் தாங்கியவை. என்னிடம் இருப்பது ஏதோவொரு அமெரிக்க டீசல், நிறம் மட்டும் நம்முடையது. நமது நாட்டு ரயில் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1676 மில்லிமீற்றர். இந்த அளவில் அது 19 மில்லிமீற்றருக்கு மேல் வரவேண்டும். பெட்டியில் வருவது 16.5. தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும். அச்சுக் கடைய வசதியில்லை, விட்டுவிட்டேன்.

என் மாதிரிப் பாதையோரம் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் எடுத்த இடம். 1990இல் ரயில் நின்றுபோனது. கிளிநொச்சிக்கு அது திரும்பியது 2013இல். பிவிசி குழாய்த் துண்டு, மருந்துப் போத்தல், வயர் எல்லாம் சேர்த்து, சின்னனில் ரயில் யன்னலால் பார்த்த நினைவை வைத்தே ஆலையைக் கட்டினேன். அக்கா பார்த்துவிட்டு, "தாங்கி இவ்வளவு உயரமில்லையடா, நீ அப்ப சின்னன், எல்லாம் உயரமாத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றார். சரி, இருக்கலாம். நான் ஒரு அங்குலமும் குறைக்கவில்லை. அளவு சரியாக வேண்டியது சில்லுக்கும் தண்டவாளத்துக்கும்தான்.

ஆனையிறவு உப்பளத்துக்கு அசல் உப்பையே குவிக்கச் சொல்லி வருகிறவர்கள் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். போடாதீர்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், பக்கத்து வயரெல்லாம் பச்சை பூத்துவிடும். மாபிள் தூள் நல்லது. கல் வெட்டும் பட்டறையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.