உள்ளே இருந்து தேடுவதா, வெளியே வந்து தேடுவதா?

பிறந்து வளர்ந்த மதத்தின் மேல் சந்தேகம் வந்தவர்களுக்கு அடுத்த குழப்பம் இது. வழிபாட்டைத் தொடர்ந்துகொண்டே கேள்வி கேட்பதா, நிறுத்திவிட்டுத் தேடுவதா?

என்ன விலை?
உள்ளே: உறவுகள் உடையாது. ஆனால் நம்பாத வரிகளை வாய்விட்டுச் சொல்லும் உறுத்தல் தினமும் இருக்கும்.
வெளியே: உறுத்தல் குறையும், தனிமை கூடும். தத்துவவாதி ஸ்பினோசாவை ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் 1656-இல் விலக்கிவைத்தபோது அவருக்கு வயது 23. அவரோடு யாரும் பேசக்கூடாது என்றது உத்தரவு. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தார்.

எது தெளிவாகத் தெரியும்?
உள்ளே: சடங்கின் பொருள் தெரியும். பழக்கத்தையே உண்மை என்று நினைத்துவிடவும் கூடும்.
வெளியே: எல்லா மதங்களையும் ஒரே தராசில் வைக்கலாம். கோபத்தோடு கிளம்பியவரின் தராசு மட்டும் முதலிலேயே சாய்ந்திருக்கும். (என்னுடையது அப்படித்தான் இருந்தது.)

எவ்வளவு காலம்?
இரண்டிலும் வருடக்கணக்குதான். இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி 1095-இல் பாக்தாத் ஆசிரியர் பதவியைத் துறந்து கிளம்பினார். மறுபடி கல்லூரியில் பாடம் நடத்த வந்தது 1106-இல். அவர் விட்டது பதவியைத்தான், மதத்தை அல்ல. அப்படியொரு நடுவழியும் இருக்கிறது.

சரி, யாருக்கு எது? சந்தேகம் ஒன்றிரண்டு போதனைகளோடு நிற்கிறது என்றால் உள்ளேயே இருந்து கேளுங்கள். கேள்வி கேட்பதே குற்றம் என்கிற இடம் என்றால் வெளியே வருவதுதான் நேர்மை. வீட்டாரை நம்பி வாழ்பவர்கள் முதலில் சொந்தக் காலில் நிற்கட்டும், அப்புறம் அறிவிக்கலாம்.