ஹேண்டில் உதறல்: டயரா, சுமையா, கோன் செட்டா, ஸ்டியரிங் டேம்பரா?

வேகமாகச் செல்லும் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் இடமும் வலமுமாக உதறத் தொடங்கினால், மெக்கானிக் கோன் செட்டை (ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் உள்ள பேரிங்குகளை) சந்தேகிப்பார், டயர் கடைக்காரர் டயரைக் காட்டுவார், ரேஸ் வண்டிப் பிரியர் ஸ்டியரிங் டேம்பரை (ஹேண்டிலின் வேகமான அசைவை அமுக்கும் கருவியை) பரிந்துரைப்பார். மூவர் சொல்வதிலும் உண்மை இருந்தாலும், எதை முதலில் செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். என் கருத்தில் அந்த வரிசையில் டேம்பர் கடைசியாக வரவேண்டியது. அதை முதலில் வாங்குபவர்கள் பெரும்பாலும் கோளாறை வண்டிக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

தீர்வுகளை எடைபோடுவதற்கு முன், வண்டியில் தோன்றும் இரண்டு ஆட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். உதறல் என்பது முன்சக்கரமும் அதைத் தாங்கும் ஃபோர்க்கும் ஸ்டியரிங் அச்சைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 6 முதல் 10 முறை ஆடுவது. நெளிவு என்பது பின்பக்கமும் சேர்ந்துகொள்ள, முழு வண்டியும் நொடிக்கு 2 முதல் 4 முறை பாம்புபோல வளைந்து செல்வது. பிரிட்டிஷ் பொறியியலாளர் ராபின் ஷார்ப் 1971-இல் இவ்விரண்டையும் கணித மாதிரியில் பிரித்துக் காட்டினார். ஸ்டியரிங்கின் அசைவுக்குத் தடையைக் கூட்டினால் உதறல் அடங்கும், ஆனால் உயர் வேகத்தில் நெளிவு கூடும் என்பது அந்த ஆய்வில் வெளிப்பட்ட முக்கியமான முடிவு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றை வளர்க்கக்கூடும் என்பதால், கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த இரட்டை அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்.

முதலில் டயர். வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போது, மணிக்கு 60 முதல் 80 கி.மீ. அளவில், ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்தால் மட்டும் தெரிகிற உதறலுக்குப் பெரும்பாலும் முன்டயரே காரணம். அலை அலையாகத் தேய்ந்த முகப்பு, குறைந்த காற்றழுத்தம், பேலன்ஸ் இல்லாத சக்கரம், ரிம்மின் கோட்டம் ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே போதும். நான்குவழிச் சாலையிலேயே நெடுங்காலம் ஓடி நடுவில் தட்டையாகிப்போன பின்டயரோ நெளிவைத்தான் தூண்டும். காற்றழுத்தத்தைச் சரிபார்க்கச் செலவு ஏதுமில்லை. இருவர் செல்லும்போது வைக்கவேண்டிய அளவு பெரும்பாலான வண்டிகளில் செயின் கவர் அருகிலோ பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டப்பட்டிருக்கும், அதைப் படிப்பவர்கள்தாம் குறைவு. நல்ல டேம்பர் ஒன்றின் விலையில் ஒரு ஜோடி தரமான டயர் வாங்கிவிடலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

டயருக்கு நிகராக வைக்கவேண்டியது சுமை. பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் நிற்கும் டாப் பாக்ஸில் கனமான பொருள்களை அடைத்து, பின்னால் ஒருவரையும் ஏற்றினால், பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரத்தின் மீதான அழுத்தம் குறைகிறது. இலேசான முன்சக்கரம் எளிதில் ஆடும். பெட்டியில் மோதும் காற்று நெளிவையும் சேர்த்துக் கொடுக்கும். பெட்டித் தயாரிப்பாளர்கள் பலர் 120 அல்லது 130 கி.மீ. என வேக வரம்பு எழுதுவது இதனால்தான். பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன்இறுக்கத்தை) கூட்டுவதும், கனமானவற்றை டேங்கின் மேல் மாட்டும் பையிலோ வண்டியின் நடுப்பகுதியிலோ தாழ்வாக வைப்பதும் சில நிமிட வேலைகள். உதறல், நெளிவு ஆகிய இரண்டையும் ஒருசேரக் குறைப்பது இந்த வழியின் தனிச்சிறப்பு; அந்த வகையில் டயரைவிடவும் இதற்கே கூடுதல் மதிப்பெண் தருவேன்.

அடுத்து நம் பட்டறைகளின் செல்லப் பிள்ளையான கோன் செட். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை முன்னும் பின்னும் அசைக்கும்போது 'டக்' என்ற தட்டல் கேட்டால் கோன் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல நின்றால் தேய்ந்திருக்கிறது. தேய்ந்ததை மாற்றும்போது, பழைய குண்டு பேரிங்குக்குப் பதிலாக கூம்பு வடிவ உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங் போடலாமா என்ற கேள்வி வரும். டேப்பரில் தொடுபரப்பு அதிகம், ஆயுளும் அதிகம்; சில நூறு கிலோமீட்டருக்குப் பின் மறுபடி இறுக்கம் பார்ப்பதாக இருந்தால் அதுவே மேல். ஆனால் உதறலை நிறுத்துவதற்காகவே நட்டை அளவுக்கு மீறி முறுக்குவது பல பட்டறைகளில் நடக்கிறது. அந்த இறுக்கமும் ஒருவகைத் தடைதான் என்பதால் உதறல் குறைந்ததுபோல் தோன்றும். தானாக நேர்ப்படும் இயல்பை இழந்த வண்டி மெதுவான வேகத்தில் அங்குமிங்கும் அலையும், வேகத்தில் நெளியும், புதுக் கோனும் விரைவில் பள்ளம் விழும். தளர்ந்த கோனைவிட இது ஆபத்தானது என்றே சொல்வேன், ஏனெனில் வேலை முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு ஓட்டுபவர் வேகம் எடுப்பார்.

ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் மேலேற்றி முன்பக்கத்தைத் தாழ்த்தியிருந்தால், அதைப் பழையபடி வைப்பது நல்லது. வளைவில் சுறுசுறுப்பைத் தரும் அந்த மாற்றம் டிரெயிலை (ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன்டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் இடையிலான தூரத்தை) குறைத்து, நேர்ப்பாதை நிலைத்தன்மையைக் கெடுக்கிறது.

இனி டேம்பர். எண்ணெய் நிரம்பிய சிலிண்டருக்குள் பிஸ்டனோ சுழலும் தகடோ நகரும்போது எழும் எதிர்ப்பு, அசைவின் வேகத்துக்கேற்பக் கூடும். எனவே மெல்லத் திருப்பும் கைக்கு அதிகம் தெரியாமல், வேகமான உதறலை மட்டும் அமுக்கும். குறுகிய வீல்பேஸும் (இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்), செங்குத்தான ஃபோர்க்கும், மேட்டில் முன்சக்கரத்தைத் தூக்கிவிடும் திறனும் கொண்ட லிட்டர் ரக (1000 சிசி அளவிலான) வண்டிகளில் இது வடிவமைப்பின் ஒரு பகுதி. தூக்கிய சக்கரம் சற்றுக் கோணலாகத் தரையைத் தொட்டால் எழும் கடும் உதறலை டயரோ கோனோ தடுக்க முடியாது. 1997-இல் வெளிவந்த சுசூகி டிஎல்1000எஸ் மீது இத்தகைய புகார்கள் எழுந்தபோது, அந்நிறுவனம் அதற்கு டேம்பர் பொருத்தியது. ஹோண்டா 2004-இல் சிபிஆர்1000ஆர்ஆர் வண்டியில் மின்னணு டேம்பரைக் கொண்டுவந்தது; வேகத்தையும் முடுக்கத்தையும் கணித்து, நகரத்தில் இலகுவாகவும் நெடுஞ்சாலையில் இறுக்கமாகவும் அது மாறும். சாதாரண டேம்பரில் அந்த வசதி இல்லை. நெடுஞ்சாலைக்கென்று இறுக்கி வைத்ததைத் தளர்த்த மறந்தால், போக்குவரத்து நெரிசலில் ஹேண்டில் கனக்கும். தவறான பிராக்கெட்டில் மாட்டினால் ஹேண்டில் முழுதாகத் திரும்பாது. திருப்பத்தில் அது வண்டி விழுவதற்கே வழிசெய்யும்.

நம் சாலைகளில் மிகுதியாக ஓடும் 150 முதல் 400 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலானவை டேம்பர் இல்லாமலே நேராக ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று உதறினால், ஏதோ ஒரு பாகம் தன் நிலையிலிருந்து மாறியிருக்கிறது. டேம்பர் அந்த மாற்றத்தை உணரவிடாமல் செய்துவிடும்; மறைந்திருக்கும் கோளாறு வளர்ந்து, டேம்பராலும் அடக்க முடியாத வேகத்தில் ஒரு நாள் வெளிப்படும்.

சாலையில் உதறல் தொடங்கிவிட்ட கணத்திலும் ஓட்டுநர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முன் பிரேக்கைப் பிடிப்பது இயல்பான தூண்டுதல், ஆனால் மூன்றிலும் மோசமானது. அது உதறலைப் பெருக்கும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் சில சமயம் ஆட்டம் நிற்கும். ரேஸ் தடத்தில் அதற்கு இடமுண்டு, லாரிகள் நிறைந்த சாலையில் கூடுதல் வேகத்தோடு அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சும். மூன்றாவது, ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்ல விடுவித்து, உடலை முன்னோக்கித் தாழ்த்தி, முழங்கால்களால் டேங்கை இறுக்கிக்கொள்வது. அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் இதையொட்டியே கற்பிக்கிறது. பிடி உறுதியாக இருக்கலாம், ஆட்டத்தோடு மல்லுக்கட்டக் கூடாது என்கிறது அது. ரேஸ் பயிற்சியாளர்கள் பலர் கைகளைத் தளர்த்தவே சொல்கிறார்கள். முழங்கை விறைத்தால் உடலின் அசைவு ஹேண்டிலுக்குப் போய்ச் சேரும் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போவதால், சொற்களில் தெரியும் அளவுக்கு வேறுபாடு நடைமுறையில் இல்லை.

கடும் உதறல் அடங்கிய பிறகு முன் பிரேக்கை உடனே நம்பக் கூடாது. சக்கரம் உதறும்போது டிஸ்க் பட்டு பேடுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கலாம். அப்போது முதல் அழுத்தலில் லீவர் வெறுமையாக உள்ளே போகும். வேகம் இருக்கும்போதே இரண்டு மூன்று முறை மெதுவாக அழுத்திப் பேடுகளை டிஸ்க்கின் அருகே கொண்டுவந்துவிட்டு, பின் பிரேக்கையும் துணைக்கு வைத்துக்கொண்டு, ஓரமாக நிறுத்தி முன்டயரின் காற்றைப் பார்க்க வேண்டும்.